தூக்கிப்போடும் பிப்: குழந்தைக்கும் மண்ணுக்கும் கேடில்லாமல் செய்ய முடியுமா?

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து, குழைத்த பருப்பு சாதமும் ராகிக் கூழும் மசித்த இட்லியும் ஊட்டத் தொடங்கியதுமே, சட்டை அழுக்காகாமல் கழுத்தில் கட்டிவிடும் பிப் அன்றாடத் தேவையாகிவிடுகிறது. பல் முளைக்கும் நேரத்தில் எச்சில் ஓயாமல் வடியும் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டு போதும். ரயில் பயணம், மருத்துவமனை வாசம், குழந்தைகள் காப்பகம், கல்யாண மண்டபம் என்று வரும்போது, ஒருமுறை கட்டிவிட்டுத் தூக்கிப்போடும் பிப் பெற்றோருக்குப் பெரிய உதவி. அந்த உதவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேள்வி வேறு: குழந்தையின் கழுத்துக்கும் வாய்க்கும் தோலுக்கும் ஆபத்தில்லாமல், பிறகு குப்பையிலும் தீங்கு செய்யாமல் அப்படியொரு பொருளைச் செய்ய முடியுமா?

முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது கடைகளில் கிடைப்பதோடு 'இயற்கை' என்று ஒரு படலத்தையோ ஒரு முத்திரையையோ சேர்த்து அதைச் செய்துவிட முடியாது. பிப்பிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டு போனால்தான் வழி தெரிகிறது.

கடையில் வாங்கும் ஒருமுறைப் பிப் ஒன்றைக் கத்தரித்துப் பிரித்தால், வழக்கமாக மூன்று அடுக்குகள் இருக்கும். முகத்தைப் பார்க்கும் பக்கம் மெல்லிய டிஷ்யூ காகிதம் அல்லது பாலிபுரொப்பிலீன் இழையில் செய்த நெய்யாத் துணி. நடுவில் உறிஞ்சும் பஞ்சு போன்ற மரக்கூழ். சிலவற்றில் டயப்பரில் உள்ளது போன்ற உறிஞ்சு துகளும் உண்டு. சட்டை நனையாமல் இருக்க அடியில் பாலிஎத்திலீன் படலம். கழுத்தின் பின்புறம் ஒட்ட இரண்டு பசைப் பட்டைகள், அவற்றின் மேல் உரித்தெடுக்கும் வழுவழுப்பான சிறு தாள். கீழே, சிந்தும் பருக்கைகளைத் தாங்க ஒரு மடிப்புப் பை. படமாகப் பார்த்தால் எளிய பொருள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இது எதில் சேர்த்தி? உடுப்பைப் போல அணிவது; பொம்மையைப் போல வாயில் போவது; உணவுப் பொதியைப் போல சாதத்தைத் தொடுவது; டயப்பரைப் போலக் குப்பைக்குப் போவது. நான்குக்கும் தனித்தனித் தர அளவுகள் இருக்கின்றன. பிப் நான்கின் ஓரத்திலும் நிற்கிறது.

கழுத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து அங்கேதான். ஐரோப்பாவில் குழந்தைகள் உடுப்பின் நாடாக்களைப் பற்றிய இ.என். 14682 என்ற தர அளவு இருக்கிறது. சிறு பிள்ளைகளின் உடுப்பில் தலை, கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் நாடாவே கூடாது என்கிறது அது. தொட்டில் கம்பியிலும் சறுக்குமரத்திலும் நாடா மாட்டிக் கழுத்து இறுகிய சாவுகளுக்குப் பிறகு வந்த விதி. அதே ஆவணம் தன் எல்லையை வகுக்கும் இடத்தில், பிப்பும் டயப்பரும் இதற்குள் வராது என்று ஒதுக்கிவிடுகிறது. கழுத்திலேயே கட்டுவதற்கென்று பிறந்த பொருள் கழுத்து விதிக்கு வெளியே நிற்பது எனக்குக் கவலை தருகிறது.

இங்கேதான் தூக்கிப்போடும் பிப்புக்குத் துணியிடம் இல்லாத ஒரு நன்மை இருக்கிறது. அதை வேண்டுமென்றே கிழியும்படி செய்யலாம். ஐரோப்பியப் பொம்மைத் தர அளவான இ.என். 71, மிகச் சிறு குழந்தைகள் கழுத்தில் அணியும் பட்டை 25 நியூட்டன் இழுவிசைக்குள் தானாக விடுபட வேண்டும் என்கிறது. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை தொங்கினால் வரும் இழுப்பு அது. பிப்பின் கழுத்துப் பட்டையில் தபால்தலைத் தாளில் இருப்பது போன்ற துளைவரிசை ஒன்றைப் போட்டு, அந்த இழுப்புக்கு முன்பே அறும்படி அமைத்துவிடலாம். கூடுதல் செலவு மிகச் சொற்பம். நனைந்த காகிதம் இன்னும் எளிதில் கிழியும் என்பதால் உலர்ந்த நிலையில் அறுகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் தூங்கும் குழந்தையின் கழுத்தில் எந்தப் பிப்பும் இருக்கக் கூடாது. உறை மேல் பெரிய எழுத்தில் வர வேண்டிய முதல் வாசகம் அது.

அடுத்தது வாய். பசைப் பட்டையின் மேலிருந்து உரித்த அந்த வழுவழுப்புத் தாளைக் கவனியுங்கள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உரிக்கிறோம். தாள் மடியிலோ தரையிலோ விழுகிறது. சிலிக்கோன் பூசியிருப்பதால் எச்சிலில் ஊறிக் கரையாது. கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும் அது தொண்டையில் ஒட்டிக்கொள்ளத் தோதான அளவு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொருள்களில் சிறு துண்டுகளைத் தடுக்க அமெரிக்காவில் ஓர் உருளைச் சோதனை இருக்கிறது: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் கூடாது. ஆனால் காகிதம், துணி, நூல் ஆகியவற்றுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. ஆகவே காகிதப் பிப்பின் மூலையைக் குழந்தை கடித்துப் பிய்த்து வாய்க்குள் உருட்டினாலும், விதிப்படி அந்தப் பிப் தேறிவிடும். விதி தேர்ச்சி கொடுத்துவிட்டது என்பதால் வடிவமைப்பவர் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

பசையையும் தாளையும் சேர்த்தே ஒழித்துவிடலாம். ஒரு பக்கப் பட்டையில் கீறல், மறுபக்கப் பட்டையில் நாக்கு. மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டியின் மூடியைச் சொருகுவது போலச் சொருகிவிட்டால் முடிந்தது. பிடரி மயிரில் பசை ஒட்டி இழுக்கும் தொல்லையும் போகிறது. நெஞ்சுக்கு முன்னால் தொங்கும் மூலைகளை வட்டமாக வெட்டினால் கடிக்கப் பிடி கிடைக்காது.

பின்படலத்துக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டு. பொம்மைத் தர அளவுகள், பெரிய பிளாஸ்டிக் தாள் எதுவானாலும் சராசரியாக 0.038 மில்லிமீட்டர் தடிப்பாவது இருக்க வேண்டும் என்கின்றன. அதைவிட மெல்லியது முகத்தில் படிந்து மூக்கையும் வாயையும் மூடிவிடும். டயப்பர் போன்ற பொருள்களின் பின்படலம் பெரும்பாலும் இதைவிட மெல்லியது. துணியோடு ஒட்டியிருக்கும்வரை பயமில்லை. பிப்பிலோ, நனைந்ததும் டிஷ்யூ கூழாகி, படலம் தனியே கையோடு வந்துவிடுவது உண்டு. மெல்லிய படலம் வைத்தால் குழந்தைக்கு ஆபத்து, தடித்த படலம் வைத்தால் மண்ணுக்குச் சுமை. படலமே இல்லாத வழி ஒன்றைத் தேடுவதற்கு இதுவே முதல் காரணம்.

வேதிப்பொருள்களின் கதை நீளமானது; பிப்புக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். 2007-ல் அமெரிக்காவில் விற்ற சில வினைல் பிப்புகளில் ஈயம் இருப்பது தெரியவந்து, பெரிய கடைகள் அவற்றைத் திரும்பப் பெற்றன. வினைல் வெடித்து உரிந்தால் அந்தப் பிப்பைத் தூக்கியெறியும்படி அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெற்றோருக்குச் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டே குழந்தைகள் பொருள்களுக்கான கடுமையான சட்டம் வந்தது. ஈயத்தின் வரம்பு படிப்படியாகக் குறைந்து 2011-ல் பத்து லட்சத்தில் 100 பங்கு என்று ஆனது. வினைலை மெதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளுக்கும் அதே சட்டம் வரம்பு வைத்தது. ஆக, வினைல் வேண்டவே வேண்டாம்.

காகிதத்துக்கு மாறிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எண்ணெயும் நீரும் ஊடுருவாமல் இருக்கக் காகிதத்தில் பூசும் ஃபுளோரின் சேர்மங்கள். பி.எஃப்.ஏ.எஸ். என்று செய்தித்தாள்களில் அடிபடும் கூட்டம் இது. உடலிலும் மண்ணிலும் எளிதில் சிதையாது. டென்மார்க் 2020-லேயே உணவைத் தொடும் காகிதத்தில் இவற்றைத் தடைசெய்தது. அமெரிக்காவில் இவ்வகைப் பூச்சுகள் உணவுப் பொதிக்காக இனி விற்பனையில் இல்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இன்னொன்று, நனைந்தாலும் கிழியாமல் இருக்கக் காகிதத்தில் சேர்க்கும் பிசின். சமையலறை டவலில் இருக்கும் அதே பிசின்தான். அதன் உற்பத்தியில் மிஞ்சும் குளோரின் சேர்மங்களுக்கு ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் மிக இறுக்கமான வரம்பு வைத்திருக்கிறது. பசைச் சாதம் விழுந்து, அதை வழித்துத் திரும்ப வாயில் ஊட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால் பிப்பை உணவைத் தொடும் பொருளாகவே கருத வேண்டும். அச்சிட்ட யானைப் படமும் பூப்படமும் இல்லாவிட்டால் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. சாயம் வைத்தே தீர வேண்டும் என்றால், எச்சிலில் கரையாத சாயமா என்று ஓகோ-டெக்ஸ் தர அளவின் கைக்குழந்தைகளுக்கான முதல் வகுப்பு சோதிப்பது போலச் சோதித்தாக வேண்டும்.

இனி உறிஞ்சும் அடுக்கு. டயப்பரின் உயிர், சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற துகள். சுத்தமான தண்ணீரில் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு உறிஞ்சி ஜெல்லாகிவிடும். உப்பு கலந்த சிறுநீரில் அந்தத் திறன் வெகுவாகக் குறையும், இருந்தாலும் போதும். இரவு முழுக்க சிறுநீரைப் பிடித்து வைக்க அது வேண்டும். பிப்புக்கு எதற்கு? வாயோரம் வழியும் பால், நாலு வாய் தண்ணீர், எச்சில், அவ்வளவுதான். அதுவும் அரை மணி நேரத்துக்கு. வாயருகே, பிய்த்துத் தின்னும் வயதில், வீங்கிப் பெருகும் துகளை வைப்பது தேவையில்லாத வேலை. இந்த ஒரு முடிவிலேயே பிப் பாதி தூய்மையாகிவிடுகிறது.

மிச்சம் இருப்பது செல்லுலோஸ். கோவையின் அருணாசலம் முருகானந்தம் சானிட்டரி நாப்கின் செய்யப் புறப்பட்டபோது, உள்ளே இருப்பது பஞ்சு என்றே முதலில் நினைத்தார். அது பைன் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் இழை என்று தெரியவே நெடுநாள் ஆயிற்று. இன்றும் உலகின் டயப்பர், நாப்கின்களுக்குப் போகும் கூழில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் பைன் காடுகளிலிருந்து வருகிறது. நீண்ட இழை, நல்ல உறிஞ்சல். ஆனால் கடல் தாண்டி வர வேண்டும். மாற்றுகளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அகமதாபாத்தின் சாத்தி நிறுவனம் வாழை நாரில் நாப்கின் செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வுக்குழு கற்றாழை இனத்துச் செடியான சிசாலின் நாரிலிருந்து உறிஞ்சு பஞ்சு எடுக்கும் முறையை 2023-ல் வெளியிட்டது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் கரூர் மாவட்டக் காகிதபுரத்து டி.என்.பி.எல். ஆலைக்கு நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. சக்கை இழை குட்டையானது என்பதால் மெத்தென்ற பஞ்சுக்கு அது தனியாக உதவாது, காகித அடுக்குக்கு உதவும்.

என் மனம் போவது பருத்திக் கழிவின் பக்கம். நூற்பாலையில் சீப்பு எந்திரத்தில் நீள இழைகள் ஒழுங்காகிப் போக, குட்டை இழைகள் கழிந்து விழும். கோம்பர் நாயில் என்பார்கள். மருத்துவப் பஞ்சு செய்வதற்கு ஏற்கெனவே பயன்படும் சரக்கு இது. இதை விரித்து, ஊசி போன்ற நீர்த்தாரைகளை அதன் மேல் பாய்ச்சினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நெய்யாத் துணியாகிவிடும். ஸ்பன்லேஸ் என்ற இந்த முறையில் பசையும் வேண்டாம், பிசினும் வேண்டாம். நனைந்தாலும் கூழாகாது என்பதால் பிய்த்துத் தின்னும் ஆபத்தும் டிஷ்யூவைவிடக் குறைவு.

இதில் இன்னொரு வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது. செடியிலிருந்து பறித்த பருத்தி தண்ணீரை உறிஞ்சாது. ஒரு கைப்பிடியைச் சொம்புத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு இருக்கிறது. காரத்தில் அவித்து மெழுகை நீக்கிய பிறகுதான் அது உறிஞ்சு பஞ்சாகிறது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகம், அவிக்காத பருத்தியை ஸ்பன்லேஸ் செய்து பார்த்தது. நீரழுத்தம் மிகுந்தால் மெழுகு கழன்று துணி உறிஞ்சத் தொடங்குகிறது. அழுத்தம் குறைந்தால் மெழுகு தங்கி நீரை விலக்குகிறது. அப்படியானால் உள்ளடுக்கு அவித்த பருத்தி, அடியடுக்கு அவிக்காத பருத்தி என்று வைத்து, பிளாஸ்டிக் படலத்தின் வேலையில் பெரும்பகுதியை ஒரே இழையால் முடித்துவிடலாம். ஒரு கிண்ணம் ரசம் கவிழ்ந்தால் தாங்காது. எச்சிலையும் கூழையும் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தாங்கினால் எனக்குப் போதும். சட்டைத் துணி கொஞ்சம் ஈரமாவது குழந்தைக்கு ஆபத்தில்லை. முழு நீர்த்தடை வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால்தான் பிளாஸ்டிக் நம்மை விடும்.

படலம் வேண்டியே ஆக வேண்டும் என்பவர்கள் மக்கும் பிளாஸ்டிக்கைக் காட்டுவார்கள். மக்காச்சோளத்திலோ மரவள்ளியிலோ வரும் மாவுப்பொருளிலிருந்து செய்யும் பி.எல்.ஏ., மாவுச்சத்தோடு பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டரைக் கலந்த படலம் என்று பல உண்டு. ஐ.எஸ்.ஓ. 17088 தர அளவில் தேறியிருந்தால் மக்கும் என்பது உண்மைதான். எங்கே மக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஆலை அளவிலான உரக்குவியலில், ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மாதங்களில் மக்கும். வீட்டுக் கொல்லையிலும் சாக்கடையிலும் கடலிலும் பி.எல்.ஏ. ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் நகராட்சிகளின் நுண் உரமாக்கும் மையங்களில் சிறு தொட்டிகளில் அந்தச் சூடு நாள்கணக்கில் நிலைப்பது கடினம். அதைவிட முக்கியம், தூய்மைப் பணியாளர் கண்ணுக்கு அது பிளாஸ்டிக் மாதிரியே தெரியும். கையால் பொறுக்கி வெளியே எறிவார். எறிவது அவர் தவறில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும் இருக்கின்றன. பிப் இல்லை. ஆனால் காகிதத்தின் மேல் பாலிஎத்திலீன் பூசிய தேநீர்க் குவளைக்கும், டிஷ்யூவின் அடியில் பாலிஎத்திலீன் ஒட்டிய பிப்புக்கும் பொருளளவில் என்ன வேறுபாடு? 2016-ன் திடக்கழிவு விதிகள், டயப்பர், நாப்கின் போன்றவற்றைத் தனியே சுற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தன. சாதம் ஒட்டிய பிப்பை ஈரக்குப்பையில் போடுவதா, உலர் குப்பையில் போடுவதா, டயப்பரோடு சுற்றுவதா என்று வீட்டில் இருப்பவர் திகைக்க வேண்டியிருக்கிறது. முழுக்கப் பருத்தியும் காகிதமுமாக இருந்தால் இந்தத் திகைப்பே இல்லை. வாழையிலையோடு சேர்த்து ஈரக்குப்பையில் போடலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு துணிப் பிப்போடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. பிப்புக்கு நெருங்கிய உறவான டயப்பரைப் பற்றி பிரிட்டன் அரசு செய்த ஆய்வுகள் இதற்கு உதவுகின்றன. 2008-ல் வந்த அறிக்கை, துவைக்கும் டயப்பருக்கும் தூக்கிப்போடுவதற்கும் கரி உமிழ்வில் பெரிய வேறுபாடில்லை, எப்படித் துவைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றது. கொடியில் காயப்போட்டு, எந்திரம் நிறையத் துணி போட்டு, அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொண்டால் 40 சதவீதம்வரை குறையும் என்றும் கணக்கிட்டது. 2023-ல் வந்த புதிய ஆய்வில் துவைக்கும் டயப்பரே ஏறத்தாழ 25 சதவீதம் குறைவான உமிழ்வோடு முந்தியது. அங்கே வெந்நீரும் சூட்டு உலர்த்தியும் கணக்கில் வருகின்றன. இங்கே குளிர்ந்த தண்ணீர், துவைகல், மொட்டைமாடி வெயில். பருப்பு சாதத்தின் மஞ்சள் கறையை சோப்பு போக்காது, வெயில் போக்கும். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். வாழைப்பழக் கறை மட்டும் கறுத்து நின்றுவிடும், அதனால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் ஆண்டுக்கு 1,095 பிப். அந்தக் குவியலை வீட்டுக்குள் அனுமதிக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்ப் பனியன் கட்டிங் வேஸ்ட்டில் மடித்துத் தைத்த பத்துப் பிப் ஒரு குழந்தையின் முழுப் பருவத்துக்கும் வரும்.

ஆகவே தூக்கிப்போடும் பிப்பின் இடம் சிறியது. தண்ணீர் கிடைக்காத பயணம், தொற்று பரவக்கூடிய வார்டு, உதட்டுப் பிளவு அறுவைக்குப் பின் அடிக்கடி நனையும் முகவாய், இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆயா உள்ள காப்பகம். இந்தச் சிறிய இடத்துக்கு ஏற்றபடி, ஐம்பது, நூறு என்று பெட்டியில் விற்காமல் ஐந்து, பத்து என்று காகித உறையில் விற்கலாம். மார்பை மட்டும் மறைக்கும் அளவில் வெட்டலாம். கீழோரத்தை மேலே மடித்தாலே பருக்கைப் பை ஆகிவிடும். சாயமில்லை, மணமில்லை, பசையில்லை, படலமில்லை. குளோரினுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த பருத்தி. வெளுப்பு கொஞ்சம் மங்கலாக இருந்தால் வாங்குபவர்கள் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.

விலை கூடும் என்பதை மறைக்கத் தேவையில்லை. பாலிபுரொப்பிலீன் நெய்யாத் துணியோடு பருத்தி ஸ்பன்லேஸ் விலையில் போட்டியிட முடியாது. ஆனால் அதைச் செய்யக்கூடிய கைகள் இங்கேயே இருக்கின்றன. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி தலைமுறைகளாக மருத்துவக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் ஊர். வெளுப்பும் சுத்தமும் அவர்களுக்குப் புதிதில்லை. கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அவிக்காத பருத்தியின் நீர்விலக்கு எந்த அழுத்தத்தில் எவ்வளவு நேரம் தாங்குகிறது, கழுத்துத் துளைவரிசை எத்தனை நியூட்டனில் அறுகிறது, ஊறிய துணியிலிருந்து குழந்தைப் பல்லின் அளவுக் கவ்வியால் துண்டு பிய்கிறதா, நகராட்சித் தொட்டியில் எத்தனை வாரத்தில் மக்குகிறது என்ற நான்கு சோதனைகளும் அங்கே உள்ள கருவிகளாலும் பக்கத்து நகராட்சியின் ஒத்துழைப்பாலும் செய்யக்கூடியவை. மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுக்கு முதலில் வாங்கும் ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால், சந்தை விலைக்கு இறங்குவதற்கு முன் இந்தப் பிப்புக்கு நிற்க ஒரு தரை கிடைக்கும்.